கையெழுத்துக்கு மேல் அடித்த கடிதம்

விருதுநகரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் நான் டி.டி.பி. கடை போட்டு இருபத்தாறு வருடம் ஆகிறது. கல்யாணப் பத்திரிகையும் கோயில் கொடை நோட்டீசும் அடிப்பேன் என்றாலும் கடை ஓடுவது ஆய்வேடுகளால்தான். இந்தப் பக்கத்தில் யார் தமிழில் பிஎச்.டி. செய்தாலும் கடைசியில் லட்சுமிகாந்தம் கடை வாசலில் வந்து நின்றாக வேண்டும். கையால் எழுதியதை வாங்கித் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, கறுப்பு ரெக்ஸின் போட்டுப் பைண்டு பண்ணி, முகப்பில் தங்க எழுத்துப் பதித்துக் கொடுப்பேன். முந்நூறு பேரை டாக்டர் ஆக்கியிருக்கிறேன் என்று வீட்டில் பீற்றிக்கொள்வேன். "நீங்க பன்னெண்டாப்புல கோட்டு அடிச்சுப் பெயிலானத மறந்துறாதீக" என்பாள் என் மனைவி.

அந்த முந்நூறில் பெரும்பாலானவற்றை விரல்தான் அடித்தது. மனசு டீக்கடையில் இருந்தது. உவமையைப் பற்றி ஒருத்தர் நானூறு பக்கம் எழுதுவார், அதையே கொஞ்சம் புரட்டிப் போட்டு அடுத்தவர் முந்நூற்றைம்பது எழுதுவார். ஒரே ஒரு ஆய்வேட்டைத்தான் அடித்துக்கொண்டே படித்தேன், படித்துக்கொண்டே சிரித்தேன், ஓர் இடத்தில் கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அது தாயில்பட்டி அழகுமீனா எழுதியது. அவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். இதில் ஒருவரை நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். திட்டுகிறவன் யோக்கியன் என்று மட்டும் அதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

அழகுமீனாவின் அப்பா பெத்தணன் அவள் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்னே சர்க்கரை வியாதியில் போய்ச் சேர்ந்தார். அம்மா பஞ்சம்மாள் பட்டாசுக் கம்பெனியில் வேலை. காலையில் ஆறே காலுக்கு ஊர் முக்கில் கம்பெனி வேன் வந்து நிற்கும். பதினான்கு பேர் உட்காரும் வேனில் இருபத்திரண்டு பெண்கள் ஏறுவார்கள். டிரைவரைத் தவிர ஆம்பளை வாசனையே கிடையாது. முக்கால் மணி நேரப் பயணம். கம்பெனிக்குள் தீப்பொறி பயத்தில் செல்போனுக்குத் தடை என்பதால் எல்லாரும் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் ஏறுவார்கள். கையில் போன் இல்லாத இருபத்திரண்டு பேர் முக்கால் மணி நேரம் என்ன செய்வார்கள்? கதை சொல்வார்கள்.

சாதாரணக் கதைகள் இல்லை. புருஷனைக் குதிருக்குள் ஒளித்து வைத்தவள் கதை, போர்மேனுக்குப் பேய் பிடித்த கதை, மாமியாரை அடகு வைத்தவள் கதை. வீட்டு ஆம்பளைகள் காதில் விழுந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. எம்.ஏ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் அழகுமீனாவும் இரண்டு வருடம் அதே வேனில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அதே கம்பெனிக்குப் போனாள். பிறகு பிஎச்.டி.க்குப் பதிந்தபோது இந்தக் கதைகளைத்தான் ஆராய்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அவளுக்கு நெறியாளராக வாய்த்தவர் பேராசிரியர் ராஜபாண்டியன். கைடு என்றுதான் எல்லாரும் சொல்வோம். எந்தக் கல்லூரி என்று நான் சொல்லப்போவதில்லை. தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை, சன்னமான பேச்சு, எல்லாரையும் அம்மா தாயே என்பார். "வேன்ல பேசுறதெல்லாம் ஆய்வாம்மா? நாலு பேரு சிரிப்பாக" என்று ஒரு வருடம் அவளை இழுத்தடித்தார். அவளும் அவருடைய விடைத்தாள் கட்டுகளைத் திருத்திக் கொடுத்தாள், அவர் வீட்டுக் கரண்ட் பில் கட்டினாள், அவர் மகள் கல்யாணத்தில் மூன்று நாள் பந்தியில் நின்றாள். இதெல்லாம் எங்கள் பக்கம் ஆய்வு மாணவர்களுக்குப் பாடத்திட்டத்திலேயே உண்டு. கடைசியில், "சரி, என்னமோ செய்யி" என்று கையெழுத்துப் போட்டார்.

கம்பெனி வேலையையும் விடாமல் ஐந்து வருடம் உழைத்தாள். வேனில் கேட்டதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவாள். போன் இல்லாததால் பதிவு செய்ய வழியில்லை, எல்லாம் மனப்பாடம்தான். அந்தப் பெண்கள் அவளிடம் இரண்டு சத்தியம் வாங்கினார்கள். எங்கள் பேர் வரக்கூடாது, எந்த ஆம்பளையும் எங்கள் வாயால் கேட்டதாக இருக்கக்கூடாது. அவள் பேர்களையெல்லாம் மாற்றி எழுதினாள். வேனில் ஏறுகிற ஒருத்தியாக, அவர்களில் ஒருத்தியாகத்தான் இதைக் கேட்டேன் என்று முதல் பக்கத்திலேயே எழுதினாள்.

பதினொரு நோட்டுகளும் என்னிடம் வந்தன. என்னை வெளியே போய் நிற்க வைத்த கதை ஐந்தாவது நோட்டில் இருந்தது. ஒரு விபத்தில் செத்துப்போனவள் மறுநாளும் வேனில் ஏறி வேலைக்கு வருகிறாள். செத்துவிட்டாய் என்று அவளிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. போர்மேனுக்கு விஷயம் தெரியும். ஆனால் இரண்டு ஆள் வேலையை ஒருத்தியே செய்கிறாளே என்று அவனும் சொல்லாமல் இருக்கிறான். அந்தக் கதையைச் சொன்னவர் பஞ்சம்மாள். யாரிடமும் கேட்டதில்லை, அவராகவே ஒருநாள் வேனில் கட்டிச் சொன்னது என்று அழகுமீனா சொன்னாள்.

ராஜபாண்டியன் நாலு வருடம் சிவப்பு மை ஊற்றித் திருத்தியதாக இப்போது சொல்லித் திரிகிறார். அவர் திருத்திய பிரதிகள் எல்லாம் என் மேசைக்குத்தான் வந்தன. பக்கத்துக்கு ஒரு டிக். இருபது பக்கத்துக்கு ஒரு தடவை 'நன்று'. ஒரே ஓர் இடத்தில் 'வேன்' என்பதை அடித்து 'சிற்றுந்து' என்று எழுதியிருந்தார். அவள் அதைத் திரும்ப 'வேன்' ஆக்கச் சொன்னாள், ஆக்கினேன்.

2022 நவம்பரில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள் வந்தது. அன்றைக்கு என் கடை கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஐந்து பிரதி, சான்றிதழ், உறுதிமொழி என்று ஒவ்வொரு தாளாக எடுத்து நீட்ட நீட்ட அவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில், "ரெண்டு வெறுந்தாள்லயும் கீழ போட்டுக் குடுக்கச் சொன்னாரு சார், எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"எல்லாரும் போடுறதுதான் தாயி. யுனிவர்சிட்டில ஏதாச்சும் திருத்தம் கேட்டா, ஒவ்வொரு தடவையும் நீ தாயில்பட்டியில இருந்து ஓடியாரணும்ல? அதுக்குத்தான் கைடுக வாங்கி வச்சுக்கிடுவாக" என்றேன்.

நான் சொன்னது பொய் இல்லை. இருபது வருடமாக எல்லாரும் போடுகிறார்கள். என் பேனாவை வாங்கி, என் மேசையில் வைத்து, இரண்டு வெறுந்தாளின் அடியிலும் அழகாகக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வருடம் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நடந்தது. வந்த பேராசிரியர்களுக்கு அவள் கோழிக்குழம்புச் சாப்பாடு போட்டாள், அவர்களும் ஏப்பம் விட்டுக்கொண்டே பாராட்டினார்கள். டாக்டர் அழகுமீனா ஆனாள். ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக வேலையும் கிடைத்தது. ஆய்வேட்டைப் புத்தகமாகப் போட வேண்டும், அட்டையில் வேன் படம் போட வேண்டும் என்று என்னிடம் அடிக்கடி சொல்வாள். அவளுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

2024 மாசி மாதம். பஞ்சம்மாள் வேலை இல்லாத நாளில் வீட்டில் இருந்து வெடிக்குழாய் சுற்றுவார். அதற்கான தாள் சிவகாசி அச்சகங்களில் இருந்து கழிவாக வரும். மிஷினைச் சரி பார்க்க ஓட்டிய தாள், மை பரவிய தாள் எல்லாம் கட்டுக் கட்டாக ஊருக்குள் வந்து இறங்கும். படம் போட்ட தாள் என்றால் பெண்கள் கொஞ்சம் பார்ப்பார்கள், எழுத்து என்றால் யார் பார்க்கிறார்கள்? அன்றைக்குப் பஞ்சம்மாள் ஏதோ நினைவில் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார். 'செத்தவள் வேனில் ஏறினாள்' என்று இருந்தது. அவர் சொன்ன கதை, அவர் சொன்ன சொல்லிலேயே. பக்கத்து வீட்டில் அதற்குள் பாதித் தாளைக் குழாயாகச் சுற்றி முடித்திருந்தார்கள்.

மகள் புத்தகம்தான் வருகிறது, நம்மிடம் சொல்லாமல் இருந்து ஆச்சரியப்படுத்தப் போகிறாள் என்று அந்த அம்மா சந்தோஷப்பட்டிருக்கிறார். சாயந்திரம் மகள் வந்ததும் தாளை நீட்டிச் சிரித்தார். அழகுமீனா கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாகத் தேடினாள். தலைப்புப் பக்கம் கிடைத்தது. புத்தகத்தின் பெயருக்குக் கீழே 'முனைவர் ராஜபாண்டியன்' என்று இருந்தது.

மறுநாள் அவர் வீட்டுக்கே போய்விட்டாள். திரும்பி வரும்போது என் கடையில் ஏறினாள். முகம் சுருங்கிப் போயிருந்தது.

"முன்னுரையில எம்பேரு இருக்காம் அண்ணாச்சி. தகவல் திரட்ட உதவுன மாணவின்னு. 'உனக்குப் பெருமைதானம்மா' ங்காரு. 'நானும் நீயும் வேற வேறயா'ன்னு கேக்காரு. அவுக வீட்டம்மா காப்பி கொண்டாந்து வச்சாக. நான் என்னத்தச் சொல்ல?"

"காப்பியக் குடிச்சியா?"

"குடிச்சேன் அண்ணாச்சி" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கூசாமல் திருடியிருக்கிறார் மனிதர். புத்தகம் வெளிவந்ததும் முன்னுரையைப் படித்துப் பார்த்தேன். 'அதிகாலைச் சிற்றுந்துகளில் தொழிலாளப் பெண்களோடு பயணித்து, அவர்கள் வாய்மொழியாகவே இக்கதைகளைக் கேட்டுத் திரட்டினேன்' என்று எழுதியிருந்தார். அவர் பஸ்ஸில் ஏறியே பதினைந்து வருடம் இருக்கும். தாயில்பட்டிக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கேட்டால் கூகிளைத்தான் தட்டுவார்.

அந்த ஒரு வரி ஊருக்குள் செய்த காரியம் பெரிது. யாரோ போனில் படம் எடுத்து அனுப்ப, ஒரு வாத்தியார் தினமும் வேனில் ஏறி நம் வீட்டுப் பெண்களிடம் கண்ட கதையும் பேசிக்கொண்டு போயிருக்கிறார் என்று ஆம்பளைகள் கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டு வீட்டில் அடி விழுந்தது. பெண்களுக்கோ அழகுமீனா மேல் ஆத்திரம். சத்தியம் பண்ணிவிட்டு ஒரு ஆம்பளைக்கு எங்கள் கதைகளை விற்றுவிட்டாள் என்றார்கள். அவள் வீடு வீடாகப் போய், "நான் விக்கல, திருடிட்டாரு" என்றாள். அதை நிரூபித்துக் காட்டு என்றார்கள்.

என் கடை மாடியில் வக்கீல் சங்கரபாண்டியன் இருக்கிறார். அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். "எழுதுனவளுக்குத்தாம்மா உரிமை. கைடு வழிகாட்டலாம், அதுக்காக அவரு நூலாசிரியர் ஆயிர முடியாது. முதல்ல பல்கலைக்கழகத்துக்கு ஒரு புகாரப் போடு. ஒண்ணே ஒண்ணுதான். நீயா உரிமைய அவருக்கு எழுதிக் குடுத்திருக்கியா?" என்று கேட்டார்.

"ஒரு வரி எழுதிக் குடுக்கல சார்."

"அப்ப ஜெயிச்சிட்ட" என்றார் வக்கீல்.

புகாரை நான்தான் அடித்துக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். மூன்று பக்கத்தில் அவள் எழுதியிருந்ததை என் பங்குக்குக் கொஞ்சம் காரம் கூட்டி நாலு பக்கமாக்கினேன். பல்கலைக்கழகம் அதைக் கல்லூரிக்கே தள்ளிவிட, கல்லூரியில் மூன்று பேராசிரியர்களை வைத்து விசாரணைக் குழு போட்டார்கள். என்னையும் சாட்சியாகச் சேர்த்திருந்தாள். "நோட்டப் பாத்து அடிச்சது நீங்கதான அண்ணாச்சி. நீங்க சொன்னாப் போதும்" என்றாள். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் ராஜபாண்டியனைக் கிழித்துத் தொங்கவிட்டேன். அந்த மனுஷனை மேடையில் வைத்தே கேட்பேன் பார் என்று வீட்டில் சவால் விட்டேன்.

இனிமேல்தான் என் லட்சணம்.

ஜூன் மாதம் இரண்டாவது வாரம், மதியம் இரண்டு மணி இருக்கும். கடையில் நான் மட்டும் இருந்தேன். ராஜபாண்டியன் வந்தார். நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்று வரைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். இருபது வருடப் பழக்கம், கால் தானாக எழுந்துவிட்டது.

"சாப்பிட்டீகளா அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். இந்த வருடம் அவர் துறையில் எட்டுப் பேர் ஆய்வேடு கொடுக்கிறார்கள் என்றார். விசாரணையைப் பற்றி மூச்சு விடவில்லை. அப்புறம் பையில் இருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே ஒரு வெறுந்தாள். அடியில் அழகுமீனாவின் கையெழுத்து.

"ஒரு சின்ன லெட்டரு. நான் சொல்லச் சொல்ல அடிங்க."

அடித்தேன். 'என் ஆய்வேட்டில் உள்ள தரவுகள் யாவும் என் நெறியாளரின் ஆய்வுத் திட்டத்திற்காகத் திரட்டப்பட்டவை. அவற்றை அவர் தம் பெயரில் நூலாக வெளியிட எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை.' இவ்வளவுதான். தேதி என்ன போட என்று கேட்டேன். 2022 நவம்பர் என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அடிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிரிண்டர் ரிப்பேர் என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஸ்கேலை வைத்து அளந்தேன். கையெழுத்துக்கு மேல் எவ்வளவு இடம், எங்கே ஆரம்பித்தால் வரிகள் சரியாக வந்து நிற்கும் என்று கணக்குப் பண்ணி, வேறொரு தாளில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். பிறகு அவள் தாளை உள்ளே விட்டேன். கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவில் இடைவெளி அச்சு அசலாக வந்து பொருந்தியது. "பேஷ், உங்க கைய விட்டா ஆளில்ல" என்றார். ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் போன பிறகுதான் நினைவு வந்தது. அந்தச் சித்திரையில் இருந்து என் பிரிண்டரில் ஒரு கோளாறு. உருளையில் கீறல் விழுந்து, எதை அடித்தாலும் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு விழும். மெக்கானிக் இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று ஏய்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கடிதத்திலும் கோடு விழுந்திருக்கும். 2022-இல் அடித்த அவள் ஆய்வேட்டில் அந்தக் கோடு கிடையாது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த மாதம் நடக்கிற விசாரணையில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றும் அதே மனசு சொன்னது. இரண்டையும் நம்பினேன்.

விசாரணை ஜூலையில் நடந்தது. நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேராசிரியர்கள். அந்த மூன்று பேரின் மாணவர்களும் என் கடைக்கு வருகிறவர்கள்தான். இந்தப் பக்கம் ராஜபாண்டியன், கொஞ்சம் தள்ளி அழகுமீனா, ஓரத்தில் நான். அவள் பதினொரு நோட்டுகளையும் மேசையில் அடுக்கி வைத்திருந்தாள். என்னைக் கேட்டபோது, "இந்த நோட்டுகளப் பாத்துத்தான் அடிச்சேன், வேற யாரும் எழுதித் தரல" என்று சத்தமாகவே சொன்னேன். அது வரைக்கும் எனக்கு வீரம் இருந்தது.

ராஜபாண்டியன் எழுந்தார். "கதையச் சேகரிச்சது அந்தப் பொண்ணுதான், நான் மறுக்கல. ஆனா என் திட்டத்துக்காகச் சேகரிச்சது. அதுவே எழுதிக் குடுத்திருக்கு" என்று கடிதத்தை வைத்தார். "ஆய்வேடு குடுத்த அன்னைக்கு லட்சுமிகாந்தம் கடையில அடிச்சது."

அழகுமீனாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. "கையெழுத்து என்னுதுதான்யா. இது நான் எழுதலய்யா. வெறுந்தாள்ல வாங்குனாக" என்றாள். வெறுந்தாளில் யாராவது கையெழுத்துப் போடுவார்களா என்று குழுத் தலைவர் கேட்டார். அவர் மேசை இழுப்பறையிலேயே அப்படி ஒரு கட்டு இருக்கும் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

கடிதத்தைக் கையில் கேட்டு வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பக்கத்தில் இருந்த தன் ஆய்வேட்டைத் திறந்து அதன் மேல் வைத்தாள். அவள் விரல் தாளின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழே போனது. பாதியில் நின்றது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்யா" என்றாள் தலைவரிடம். என் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, இதை எப்ப அடிச்சீக?"

"அதான் தேதி போட்டிருக்குல்ல தாயி" என்றேன்.

"தெளிவாச் சொல்லுங்க" என்றார் தலைவர்.

"ஆய்வேடு குடுத்தப்பதான் அடிச்சது" என்றேன்.

அவள் தாளைத் தலைவரிடம் திருப்பிக் கொடுத்தாள். "வேற ஒண்ணும் இல்லீங்கய்யா" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

ஒரு மாதத்தில் முடிவு வந்தது. புகாருக்கு ஆதாரம் இல்லை. நூலின் உரிமை நூலாசிரியருக்கே. அந்தக் கதைகளை அவர் அனுமதி இல்லாமல் வேறெங்கும் வெளியிட வேண்டாம் என்று முனைவர் அழகுமீனா அறிவுறுத்தப்படுகிறார். பஞ்சம்மாள் கட்டிய கதையை அவர் மகள் அச்சிட ராஜபாண்டியனிடம் அனுமதி கேட்க வேண்டும். தற்காலிக வேலை பார்த்த கல்லூரியில், பேராசிரியர் மேல் பொய்ப் புகார் கொடுத்தவள் என்று அவளுடைய வேலையைப் புதுப்பிக்கவில்லை. என் கடைக்கு எட்டு ஆய்வேடுகளும் வந்தன. எட்டையும் அடித்தேன்.

விசாரணை அறையில் அவள் விட்டுவிட்டுப் போன பதினொரு நோட்டுகளையும் கல்லூரி ஆள் என் கடையில் கொண்டு வந்து போட்டிருந்தான். அவற்றைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கார்த்திகையில் ஒரு நாள் துணிப்பையில் போட்டுக்கொண்டு தாயில்பட்டிக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் போனேன்.

பஞ்சம்மாள் குழாய் சுற்றிக்கொண்டிருந்தார். "வாங்க அண்ணாச்சி, இங்கன இருங்க" என்று தாள் கட்டை நகர்த்தி இடம் கொடுத்தார். அழகுமீனா திரும்பப் பழைய கம்பெனிக்கே போகிறாளாம், வேன் வர நேரம் ஆகும் என்றார்.

"வேன்ல இப்பவும் கதை நடக்கா?" என்று ஏதோ கேட்க வேண்டும் என்று கேட்டேன்.

"எங்கிட்டு? அவ ஏறுனா அம்புட்டுப் பேரும் வாய மூடிக்கிடுதாளுக. எம்முன்னாடியும் பேச மாட்டேங்காளுக. முக்கா மணி நேரமும் ஒரு சத்தம் இல்ல அண்ணாச்சி. ரோட்டப் பாத்துக்கிட்டே போறோம்."

அவர் அழவில்லை. கை பாட்டுக்குக் குழாய் சுற்றியது. இவரிடமே சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் வேன் சத்தம் கேட்டது. அழகுமீனா வந்தாள். கையில் பட்டாசு மருந்தின் அலுமினியத் தூள் ஒட்டி வெள்ளி நிறமாக இருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க அண்ணாச்சி" என்றாள், எப்போதும் போல.

நோட்டுப் பையை நீட்டினேன். வாங்கி எண்ணிக்கூடப் பார்க்காமல் உள்ளே வைத்துவிட்டு வந்தாள். அம்மா தண்ணீர் எடுக்க எழுந்து போனதும் நான் ஆரம்பித்தேன். "தாயி, அந்தக் கடுதாசிய நவம்பர்ல அடிக்கல. போன ஜூன்லதான் அடிச்சேன். அவரு வெறுந்தாளக் கொண்டாந்து..."

"தெரியும் அண்ணாச்சி. அன்னைக்கே தெரியும். ஓரத்துல கோடு கெடந்துச்சுல்ல. புகார அடிச்சுக் குடுத்தீகளே, அதுலயும் அதே கோடு. ஆய்வேட்டுல இல்ல."

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அவள் மேல்தான் வந்தது. "அப்ப அங்கனயே காட்டிருக்கலாம்ல? அந்தக் கோட்ட ஒண்ணக் காட்டிருந்தா அவரு அன்னைக்கே மாட்டிருப்பாரு. புத்தகம் உன் கைக்கு வந்திருக்கும். ஏன் வாய மூடிட்டு உக்காந்த?"

"காட்டிருந்தா முதல்ல நீங்கள்ல மாட்டிருப்பீக, கள்ளக் கடுதாசி அடிச்சுக் குடுத்தவருன்னு. போலீசு, கேசுன்னு போயிருக்கும். அதான் காட்டாம, எப்ப அடிச்சீகன்னு மட்டும் கேட்டேன்."

கையில் இருந்த நிறத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களாச் சொல்லிருவீகன்னு நெனச்சேன் அண்ணாச்சி" என்றாள்.

பஞ்சம்மாள் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.